கடலோர விறகைத் தவிர்க்கவும்

போன மாதம் பரமக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் விறகுக்காரர்கள் கூட்டம் நடந்தது. எங்கள் பக்கம் புதிதாக ஒரு பெல்லட் ஆலை வந்திருக்கிறது. விறகைத் தூளாக்கி, விரல் பருமனில் குச்சி குச்சியாக அழுத்தி, நிலக்கரி மின் நிலையங்களுக்கு அனுப்புகிறார்கள். அங்கே அது நிலக்கரியோடு கலந்து எரிகிறது. அந்த ஆலைக்கு விறகு கொடுக்க விரும்புகிறவர்களையும், பழைய விறகு மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என்னைப் போன்ற சிலரையும் கூப்பிட்டிருந்தார்கள். மதியம் சாப்பாடு உண்டு என்று அழைப்பிலேயே போட்டிருந்ததால் மண்டபம் நிறைந்திருந்தது.

ஆலையின் எரிபொருள் பிரிவு இன்ஜினியர் நிவேதா என்ற பெண். முப்பது வயது இருக்கும். நாடு நாடாகத் திரையில் படம் காட்டினார். பிரேசிலில் கரும்புச் சக்கை. பின்லாந்திலும் சுவீடனிலும் காடு வெட்டியபின் மிஞ்சும் கொப்பும் கிளையும். டென்மார்க்கில் வைக்கோல். இங்கிலாந்தில் நிலக்கரி எரித்த பெரிய நிலையத்தை மாற்றி, அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரும் பெல்லட்டை எரிக்கிறார்கள். ஜப்பான்காரர்கள் மலேசியாவிலிருந்து பனை எண்ணெய் ஆலைகளின் கொட்டை ஓட்டை வரவழைக்கிறார்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் மின் உற்பத்தியைக் காட்ட ஒரு கோடு. சில கோடுகள் ஏறின, சில படுத்துவிட்டன. எனக்குப் புரிந்தவரை, பாதி நாடுகள் தங்கள் வீட்டுக் கழிவை எரிக்கின்றன. மீதிப் பாதி, அடுத்த வீட்டுக் கழிவைக் கப்பல் பிடித்து வாங்கி எரிக்கின்றன. இரண்டுக்கும் பெயர் பசுமை மின்சாரம்தான்.

இந்தியா வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். சர்க்கரை ஆலைச் சக்கை, உமி, கடைசியாக எங்கள் வேலிக்கருவை, சீமைக் கருவேலம் என்பார்களே, அது. அதன் கீழே ‘அனுபவத்தில் கற்றவை’ என்று தலைப்பிட்டு ஐந்து வரிகள். நான்காவது வரி இது: ‘தென் கடலோர விறகில் உப்பு அதிகம், பாய்லர் குழாய்களை அரிக்கும், தவிர்க்கவும்.’

மூன்றாவது வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்தார். அவர் இருளாயி. கடற்கரையில் இருக்கும் காரங்காட்டுக்குப் போகும் சாலையில் உள்ள ஒரு சிறிய ஊர்க்காரர். முப்பது வருடமாக ஆட்களைச் சேர்த்துக் கருவை வெட்டி லாரியில் அனுப்புகிறவர். அதற்கு முந்தின வாரம்தான் அவருடைய லாரியைப் புதிய ஆலையின் கேட்டில் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

“ஏம்மா, எங்க விறகுல உப்பு இருக்குன்னு எந்த மவராசன் கண்டது?” என்று கேட்டார்.

“பழைய ரிப்போர்ட் ஒன்னுல இருக்கும்மா. எல்லா ஆலையிலயும் அதைத்தான் பின்பற்றுறாங்க” என்றார் நிவேதா.

அந்த மவராசன் நான்தான். அந்த வரியை எழுதியவன் நான். அது தப்பு என்று எனக்குத் தெரியும். எழுதிய நாலாம் நாளே தெரியும். இருளாயிக்கு மூன்று வரிசை பின்னால் உட்கார்ந்திருந்தேன். எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் பாயசம் கூட இரண்டு முறை வாங்கிக் குடித்தேன். வீட்டுக்கு வந்தபிறகு அது நெஞ்சிலேயே நின்றது.

இப்போது முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் முதுகுளத்தூர் பக்கத்து மானாவாரிக் குடும்பம். மிளகாய் போடுவோம். மழை பெய்தால் விளையும், பெய்யாவிட்டால் நிலம் முழுக்கக் கருவை விளையும். பரமக்குடியில் தொழிற்பயிற்சி முடித்தேன். ஏழு பருவம் ஒரு சர்க்கரை ஆலையில் பாய்லருக்குச் சக்கை தள்ளினேன். எங்கள் மாவட்டத்தில் கருவை விறகை எரித்து மின்சாரம் எடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மனுப்போட்டேன். கரிமூட்டம் போடுவதைத் தவிர எதற்கும் உதவாது என்று நாங்கள் சபித்த மரத்துக்கு இப்படி ஒரு யோகமா என்று ஊரே சிரித்தது. எனக்கு விறகு யார்டின் பொறுப்பு கிடைத்தது. ஓய்வுபெறும்வரை அதிலேயே இருந்தேன்.

வேலையை எனக்குச் சரியாகக் காட்டியவர் எங்கள் சீஃப் இன்ஜினியர் வரதராஜன். நிலக்கரி நிலையங்களில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்தவர். விறகுத்தூள் பறக்கிற இடத்துக்கு வெள்ளைச் சட்டையில்தான் வருவார். சாயங்காலம் அது காவி ஆகியிருக்கும். மறுநாள் மறுபடியும் வெள்ளை. கூட்டிப் பெருக்குகிறவரையும் ‘வாங்க, போங்க’ என்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அதனாலேயே அவரிடம் பயம் அதிகம்.

எதைச் சொன்னாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி: “பார்த்ததா, நினைச்சதா?”

பம்பு சூடாகிறது சார் என்றால், தொட்டுப் பார்த்தீர்களா, சூடாகும் என்று நினைத்தீர்களா என்று அர்த்தம். ஷிஃப்ட் நோட்டில் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து வைத்திருந்தார். இடது பக்கம் பார்த்தது, வலது பக்கம் நினைத்தது. ஆரம்பத்தில் என் வலது பக்கம் வழிந்தது, இடது பக்கம் காலியாகக் கிடந்தது. “முருகேசன், நீங்க கதை எழுதப் போயிருக்கலாம்” என்றார் ஒரு நாள். அதுதான் அவர் என்னைத் திட்டிய அதிகபட்சத் திட்டு.

விறகு மாதிரி எடுப்பதற்கும் அவர் ஒரு முறை வைத்திருந்தார். லாரி எடைமேடையில் நிற்கும்போதே எடுக்க வேண்டும். இறக்கியபின் எடுத்தால் செல்லாது. மேலே மூன்று இடம், நடுவில் இரண்டு, அடியில் இரண்டு. ஏழு துண்டையும் பொடித்துக் கலந்து, குவித்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர் கால்பங்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கொட்டிவிட வேண்டும். ஒரு கை அளவு வரும்வரை இப்படியே. பிறகு எடை போட்டு, அடுப்பில் காயவைத்து, மறுபடி எடை. குறைந்ததுதான் ஈரம். எடை கூட்டுவதற்காக விறகில் தண்ணீர் அடித்துக் கொண்டுவருகிறவர்களை இதை வைத்துத்தான் பிடிப்போம்.

இருளாயியின் லாரியில் ஒரு முறைகூட ஈரம் மிஞ்சியதில்லை. நான் ஒரு தடவை வேடிக்கையாகக் கேட்டேன், “ஏன்க்கா, மத்தவங்க மாதிரி நாலு குடம் தெளிச்சு விடுறதில்லையா?”

“குடிக்கவே தண்ணி இல்ல. இதுல விறகுக்கு வேறயா? நல்லா கேட்டீக போங்க” என்றார்.

அவர் சொன்னதில் எங்கள் ஊர் முழுக்க இருந்தது. எங்கள் பக்கம் நல்ல தண்ணீருக்கு ஒரு மரியாதை உண்டு. கால் கழுவுவதற்கு ஒரு தண்ணீர், குடிப்பதற்கு ஒரு தண்ணீர். மாற்றிப் புழங்கினால் சின்னப் பிள்ளைக்கும் அடி விழும். அந்த மரியாதைதான் என்னைக் கவிழ்த்தது.

யார்டில் சிப்பர் என்று ஒரு இயந்திரம் விறகைச் சில்லு சில்லாக வெட்டிக் குவிக்கும். கோடையில் காற்றடித்தால் தூள் கண்ணை மறைக்கும். தீப்பொறி பட்டால் தூளே பற்றிக்கொள்ளும். அதனால் குவியலைச் சுற்றிக் குழாய் போட்டுத் தண்ணீர் தெளிப்போம். அந்தத் தண்ணீர் ஆலையின் நல்ல தண்ணீர்த் தொட்டியிலிருந்து வந்தது. இரண்டு வருடம் தொடர்ந்து மழை பொய்த்தது. பக்கத்து ஊர்ப் பெண்கள் குடத்தோடு எங்கள் கேட்டுக்கு வந்து நின்றார்கள். சீஃப் அதே தொட்டியிலிருந்து கேட்டுக்கு வெளியே ஒரு குழாய் இழுத்துவிட்டார். காலையில் நான் சைக்கிளை உள்ளே தள்ளும்போது குடங்கள் வரிசையில் நிற்கும். உள்ளே வந்தால் அதே தண்ணீர் விறகின் மேல் பீய்ச்சியடித்துக்கொண்டிருக்கும். எனக்கு அது பொறுக்கவில்லை.

யார்டின் மூலையில் பழைய ஆழ்துளைக் கிணறு ஒன்று இருந்தது. வாயில் வைக்க முடியாத உவர். நான் தெளிப்புக் குழாயை நல்ல தொட்டியிலிருந்து கழற்றி அந்தக் கிணற்று பம்பில் மாட்டினேன். அரை மணி நேர வேலை. செய்து முடித்தபோது புண்ணியம் கட்டிக்கொண்டதுபோல இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. நோட்டிலும் எழுதவில்லை. ஒரு குழாயை மாற்றி மாட்டியதை யாராவது எழுதுவார்களா?

இரண்டு கோடை அந்தத் தண்ணீரையே தெளித்தோம். தண்ணீர் வெயிலில் காய்ந்துவிடும். உப்பு காயாது. எனக்கு இது தெரியாமல் இல்லை. உப்பளத்தைப் பார்த்து வளர்ந்த மாவட்டத்துக்காரன் நான். ஆனாலும் உப்பளத்தையும் என் விறகுக் குவியலையும் ஒன்றாக வைத்து நான் யோசித்ததே இல்லை.

அந்த நாட்களில்தான் டென்மார்க்கிலிருந்து ஒருவர் ஆலையைப் பார்க்க வந்தார். சீஃப் மொழிபெயர்த்தார். அவர்கள் எரிக்கும் வைக்கோலிலும் உப்புச் சத்து உண்டாம். நேராக எரித்தால் சூட்டில் அது ஆவியாகிப் போய்ப் பாய்லரின் குழாய்களில் ஒட்டி இரும்பைத் தின்றுவிடுமாம். அதற்காக வைக்கோலை அறுத்ததும் வயலிலேயே கொஞ்ச நாள் போட்டுவைத்து, மழையில் கழுவவிட்டு எடுப்பார்களாம். “இங்க மழைக்குக் காத்திருந்தா வைக்கோல் கிழவனாயிரும்னு சொல்லுங்க சார்” என்றேன். சீஃப் சொன்னார். அந்த வெள்ளைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். உப்பு குழாயைத் தின்னும் என்ற பாடத்தை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். அரைப்பாடமாகக் கேட்டேன்.

இரண்டாம் கோடையின் முடிவில் ஒரு காலை, பாய்லர் ஆபரேட்டர் காதர் பாய் போன் செய்தார். தேவிபட்டினத்துக்காரர், லேசில் பதறாதவர். “முருகேசா, மேல ஏதோ சீறுது. விறகை நிறுத்து” என்றார். பாய்லருக்கு விறகு ஏற்றும் கன்வேயரை நிறுத்திவிட்டு ஓடினேன். நீராவியை இன்னும் சூடாக்கும் குழாய்க் கொத்து ஒன்று பாய்லரின் மேலே இருக்கும். சூப்பர் ஹீட்டர் என்போம். அதில் ஒரு குழாய் ஓட்டை விழுந்து நீராவி பீய்ச்சியடித்தது. காதர் பாய் எல்லோரையும் கீழே இறக்கிவிட்டுக் கடைசியாக இறங்கினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதும் தைரியம் எனக்கு இருந்திருக்காது.

இரண்டு நாள் ஆறவைத்து, மூன்றாம் நாள் காலை உள்ளே போய்ப் பார்த்தோம். குழாய்களின் மேல் சாம்பல், கண்ணாடி உருகினதுபோல் பளபளவென்று ஒட்டியிருந்தது. சுத்தியலால் தட்டினால் தோடு தோடாகப் பெயர்ந்தது. அதற்கடியில் இருந்த இரும்பு விரல் நகத்தின் கனத்துக்குத் தேய்ந்திருந்தது. வெடித்தது ஒன்றுதான். வெடிக்கக் காத்திருந்தவை பல. புதுக் குழாய் வாங்க சீஃப் அன்றே சென்னைக்குக் கிளம்பினார். போகும்போது, “விறகு மாதிரி எடுத்து, உப்பு இருக்கான்னு பாருங்க” என்றார்.

ஆலை நின்றதால் அன்றைக்கு லாரி எதுவும் வரவில்லை. நான் நேராக யார்டுக்குப் போனேன். உப்பு என்றதும் எனக்குக் கடல் ஞாபகம் வந்தது. கடல் என்றதும் இருளாயி. அவருடைய விறகு இறக்கியிருந்த மூலையில் மட்டும் ஒரு கை சில்லு அள்ளினேன். ஊறவைத்து, வடிகட்டி, அந்தத் தண்ணீரில் சில்வர் நைட்ரேட் நாலு சொட்டு விட்டேன். பாய்லர் தண்ணீரில் உப்புப் பார்க்க எங்கள் சோதனை அறையில் எப்போதும் வைத்திருப்பது அது. உப்பு இல்லையென்றால் தெளிவாகவே இருக்கும். இருந்தால் வெளுக்கும். என் குவளை பசும்பால்போல வெளுத்தது.

மதியம் தலைமை அலுவலகத்திலிருந்து போன். என்ன காரணம், சாயங்காலத்துக்குள் எழுதி அனுப்பு என்றார்கள். சீஃப் பஸ்ஸில் இருந்தார். நான் எழுதி அனுப்பினேன். கடலோர விறகில் உப்பு அதிகம், பாய்லர் குழாய்களை அரிக்கும், தவிர்க்கவும். இருளாயியின் லாரிகளை நிறுத்தச் சொல்லி அன்றைக்கே உத்தரவு வந்தது.

மறுநாள் அவர் கேட்டுக்கு வந்தார். கையில் ஒரு கருவைக் கட்டை. என் முன்னாலேயே பட்டையை உரித்து, கட்டையை நக்கினார்.

“உப்பு இல்ல சார். நீங்களும் நாக்கு வச்சுப் பாருங்க.”

“அக்கா, இது மருந்து விட்டுப் பார்க்கிற சோதனை. நாக்குக்குத் தெரியாது” என்றேன். பெரிய விஞ்ஞானிபோலச் சொன்னேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

“பன்னெண்டு பேரு என்னைய நம்பி அருவாளத் தூக்கிட்டு நிக்கிறாக. அவுகட்ட நான் என்னத்தச் சொல்ல?” என்றார். நான் ஆலை ஓடட்டும் பார்ப்போம் என்றேன். கட்டையை அங்கேயே போட்டுவிட்டுப் போனார்.

நாலாம் நாள் சீஃப் திரும்பினார். என் அறிக்கையின் நகலைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பார்த்ததா, நினைச்சதா?”

“பார்த்தது சார். பால் மாதிரி வெளுத்துச்சு.”

“மாதிரி எங்க எடுத்தீங்க?”

“யார்டுல சார்.”

“லாரியில இல்ல?”

“லாரி வரல சார்.”

“கமுதிப் பக்கத்து விறகு? அதுல பார்த்தீங்களா?”

“இல்ல சார்” என்றேன். அவர் காகிதத்தை மடித்து என்னிடமே நீட்டினார். “இப்ப எல்லாத்துலயும் எடுங்க. நானும் வாரேன்” என்றார். எங்கள் பேச்சு அவருக்குள்ளும் கொஞ்சம் ஏறியிருந்தது.

கமுதியிலிருந்து ஒரு லாரியும் இருளாயி ஊரிலிருந்து ஒரு லாரியும் வரச்சொன்னார். இரண்டிலும் எடைமேடையில் வைத்தே ஏழேழு துண்டு எடுத்தேன். யார்டில் கமுதிக் குவியலிலும் ஒரு கை அள்ளினேன். மேசையில் குவளைகளை வரிசையாக வைத்து மருந்து விட்டேன். லாரியில் எடுத்த இரண்டும் லேசாகக் கலங்கின. எந்த மரத்திலும் அந்த அளவுக்கு உண்டு. இரண்டுக்கும் என்னால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. யார்டில் எடுத்த கமுதி விறகு, கடலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத விறகு, பாலாக வெளுத்தது.

சீஃப் யார்டுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். தெளிப்புக் குழாயின் முனையில் வெள்ளையாகத் தடித்துப் படிந்திருந்தது. தினமும் நான் கடந்துபோன குழாய். விரலால் சுரண்டி நாக்கில் வைத்தேன். இருளாயி சொன்ன சோதனைதான். வாயெல்லாம் உவர்ந்தது.

“சார், நான்தான் மாத்தி மாட்டினேன்” என்றேன். “உவர்க் கிணத்துல இருந்து.”

“எதுக்கு?”

“கேட்டுல குடத்தோட நிக்கிறாங்க. நல்ல தண்ணியை விறகுல ஊத்த மனசு வரல.”

“மனசு சரி. நோட்டுல ஏன் எழுதல? எழுதியிருந்தா முதல் மாசமே நான் பார்த்திருப்பேன்” என்றார். பிறகு, “திருத்தி எழுதித் தாங்க, அனுப்புறேன். அந்தம்மாகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. உங்க வாயால” என்றார். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. பாய்லரிலிருந்து வெளியேற்றும் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. அதை ஆறவைத்து யார்டுக்குத் திருப்ப ஏற்பாடு செய்தார். கேட்டுக் குழாய் அப்படியே ஓடியது. நின்று பதினோரு நாள் கழித்து ஆலை ஓடியது.

திருத்திய அறிக்கையை எழுதிக் கொடுத்தேன், சீஃப் அனுப்பினார். அடுத்த வருடம் கம்பெனி ஒரு கையேடு அச்சடித்தது. அதில் இருந்தது என் முதல் அறிக்கையின் வரி. இரண்டாவது எந்தக் கோப்பில் தூங்கியதோ தெரியாது. சீஃப் அதற்குள் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டார். நான் ஒரு கடிதம் போட்டிருக்கலாம். போடவில்லை. கையேட்டிலிருந்து வரி இன்னொரு ஆலைக்குப் போய், அங்கிருந்து பயிற்சி வகுப்புகளுக்குப் போய், இப்போது டென்மார்க்குக்கும் ஜப்பானுக்கும் பக்கத்தில் திரையில் நிற்கிறது.

இருளாயியிடம் சொன்னேனா? போன் செய்தேன். “லாரியை அனுப்புங்கக்கா” என்றேன்.

“என்னத்தக் கண்டுபிடிச்சீக?”

“மறுபடி சோதிச்சதுல சரியாயிருச்சு.”

அவ்வளவுதான் சொன்னேன். பொய் இல்லை. உண்மையும் இல்லை. ஒரு விறகுக்காரப் பெண்ணிடம் ‘தப்பு என்னுடையது’ என்று சொல்ல யார்டு சூப்பர்வைசருக்கு வாய் வரவில்லை. அதற்குப் பிறகு அவர் லாரிச் சீட்டில் ஏற்றிய இடம் என்று நயினார்கோவில் பக்கத்து ஊர்கள் இருந்தன. கடற்கரை ஊர் எதுவும் இல்லை. எடைமேடையில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். ஏன் என்று கேட்கவில்லை, கேட்டால் சொல்ல வேண்டிவரும் என்பதால்.

கூட்டம் முடிந்த மூன்றாம் நாள் தொண்டி பஸ் ஏறி இறங்கி, அவர் ஊருக்கு நடந்தேன். வீட்டு வாசலில் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார். உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். குழாயை மாற்றியது, யார்டில் அள்ளியது, கமுதி விறகு வெளுத்தது, எல்லாம். தீட்டுவதை நிறுத்தாமல் கேட்டார். முடித்ததும் நிறுத்தினார்.

“அப்ப எங்க கருவையில உப்பே இல்ல.”

“மத்த விறகுல இருக்கிற அளவுதான்க்கா.”

“நீங்க படிச்சவுக, என்னத்தையோ கண்டு சொல்றீகன்னு நெனச்சேன். மறுபடி நிப்பாட்டிருவீகளோன்னு, வீட்டுக்குப் பின்னால நிக்கிற கருவையை விட்டுப்புட்டு நயினார்கோயிலு வரைக்கும் சனத்தக் கூட்டிப் போனேன். விடியுமுன்ன கஞ்சியைக் கட்டிக்கிட்டு ரெண்டு பஸ்ஸு மாறி. ஒம்பது வருசம். உங்க ஆலையை மூடுற வரைக்கும்.” என்னைப் பார்த்தார். “இப்ப அங்கன பூராம் கருவையைத் தோண்டிப்புட்டு வெயில்ல கரண்டு எடுக்கிற பலகையை நட்டுட்டாக. இனி எங்க ஊரு கருவைதான் மிச்சம். அதைப் புது ஆலைக்குக் கொண்டுபோனா உப்புங்கிறாக. இப்ப வந்து சொல்றீக.”

“தப்புதான்க்கா.”

“தப்புன்னு இங்கன உக்காந்து சொன்னா? கேட்டுல வந்து சொல்லுங்க.”

அவர் திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். திட்டவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டு ஒரு செம்பு நல்ல தண்ணீர் கொடுத்தார். அதைக் குடிக்கும்போது எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் புது ஆலைக்கு அவருடைய லாரி முன்னால் போக, பஸ்ஸில் நான் பின்னால் போனேன். நிவேதா கேட்டுக்கு வந்தார். நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீங்க சொல்றதை நான் எழுதிக்கிட்டா, அதுவும் இன்னொரு ஆளோட வார்த்தைதானே சார்? சோதிச்சிருவோம்” என்றார். எனக்கு வரதராஜன் சாரையே மறுபடி பார்த்த மாதிரி இருந்தது. லாரியில் ஏழு இடத்தில் எடுத்தார்கள். கமுதிப் பக்கத்திலிருந்து வந்து நின்ற இன்னொரு லாரியிலும் எடுத்தார்கள். இருளாயி சோதனை அறைக்குள் வந்து மேசைக்குப் பக்கத்திலேயே நின்றார். இரண்டு குவளையும் ஒரே மாதிரி லேசாகக் கலங்கின. அவர் குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இதுக்கா?” என்றார்.

நிவேதா லாரியை உள்ளே விடச் சொன்னார். “ஆனா சார், இந்த வரி எத்தனையோ ஆலையில இருக்கு. நான் என் ஸ்லைடை மாத்தினா மட்டும் போதாது. நடந்ததை நீங்களே எழுதித் தாங்க, எல்லாருக்கும் அனுப்புறேன்” என்றார். அதற்காகத்தான் இதை எழுதினேன். நாடுகளைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால் இந்தியா என்று போட்ட அந்தக் கோட்டில், கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் எங்கள் ஆலை நின்ற பதினோரு நாள் இருக்கிறது. அதற்கு நான் பொறுப்பு.

எழுதி முடித்ததும் இருளாயிக்குப் போனில் படித்துக் காட்டினேன். நயினார்கோவில் வந்தபோது ‘ம்’ கொட்டினார். கடைசியில் கேட்டார்:

“பேரு போட்டிருக்கா?”

“போட்டிருக்கேன்க்கா. இருளாயி விறகுல உப்பு இல்லைன்னு தெளிவா.”

“எம்பேரு எதுக்கு? எம்பேரைச் சொல்லித்தானே இம்புட்டு நாளும் திருப்பி விட்டீக. உங்க பேரைப் போடுங்க.”

பழைய நோட்டில்போல இடது பக்கம் எழுதுகிறேன்.

பார்த்தது: லாரியில் எடுத்த கடலோர விறகில், மற்ற விறகில் உள்ளதைவிட உப்பு அதிகம் இல்லை. யார்டில் இருந்த விறகில் உப்பு இருந்தது. அங்கே உவர்த் தண்ணீர்க் குழாயை மாட்டியவன், அதை நோட்டில் எழுதாதவன், முருகேசன்.